ஒரே எண்களை இட்டாலும் இரண்டு கம்ப்ரெஸர்கள் வேறு வேறாக ஒலிப்பது ஏன்?

நாதபேதம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் பதிவு செய்து, இப்போது மிக்ஸிங் கட்டத்தில் இருக்கிறேன். வலந்தலைக்கு (வலப்பக்கத் தோலுக்கு) ஒரு மைக், தொப்பிக்கு (தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கத்துக்கு) ஒரு மைக். வலந்தலை டிராக்கில், பதிவு மென்பொருளோடு வந்த கம்ப்ரெஸரை, அதாவது சத்தத்தின் ஏற்றத்தைக் குறைக்கும் கருவியை, முதலில் போட்டேன்; அதை 'அ' என்று வைத்துக்கொள்வோம். த்ரெஷோல்ட் (குறைப்பு தொடங்கும் எல்லை) −18 டெசிபல், ரேஷியோ (எல்லை மீறலைக் குறைக்கும் விகிதம்) 4:1, அட்டாக் (குறைப்பு வரும் வேகம்) 10 மில்லிசெகண்டு, ரிலீஸ் (குறைப்பு விலகும் வேகம்) 100 மில்லிசெகண்டு. பிறகு, பழைய வன்பொருளின் போக்கைப் பின்பற்றிச் செய்ததாகச் சொல்லப்படும் வேறொரு ப்ளக்இன்னை (பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணை நிரலை) அதே இடத்தில் வைத்து, அதே நான்கு எண்களையும் இட்டேன். அது 'ஆ'.

'அ'வில் ஒவ்வொரு சொல்லின் (மிருதங்க அடியின்) தொடக்க விளிம்பும் தெளிவாக நிற்கிறது. மீட்டர் 3 டெசிபல் அளவுக்கே குறைப்பைக் காட்டுகிறது. 'ஆ'வில் விளிம்பு மழுங்குகிறது. மீட்டர் 6 டெசிபலையும் தாண்டிப் போகிறது. இரண்டின் வெளிப்பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட்டேன் என்பதால், சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும் மயக்கம் இங்கே இல்லை. "காதை நம்புங்கள்" என்ற அறிவுரையை ஏற்கிறேன். ஆனால் காது சொல்வதற்கான காரணம் எனக்குத் தெரிய வேண்டும்.

அலைமானி எழுதியது:

முகப்பில் உள்ள நான்கு எண்கள் ஒரு கம்ப்ரெஸரை முழுமையாக வரையறுப்பதில்லை என்பதே சுருக்கமான விடை. விரிவான விடைக்கு, உள்ளே நடப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒலியலையின் மீது கம்ப்ரெஸர் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு சாம்பிளையும், அதாவது டிஜிட்டல் ஒலியின் ஒவ்வொரு கணநேர மதிப்பையும், ஓர் எண்ணால் பெருக்குகிறது. அந்தப் பெருக்கெண் 1 என்றால் ஒலி மாறாமல் போகும், 0.5 என்றால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மற்ற எல்லாமே, அந்த எண் கணத்துக்குக் கணம் என்னவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பக்கத்தடத்தில், அதாவது சைடுசெயினில், நடக்கின்றன. எம்பி3 போன்ற கோப்புச் சுருக்கத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

சைடுசெயினில் மூன்று வேலைகள் உண்டு. வரும் ஒலியின் அளவு என்ன என்று மதிப்பிடுவது முதல் வேலை. அந்த அளவுக்கு எவ்வளவு குறைப்புத் தர வேண்டும் என்று கணக்கிடுவது இரண்டாவது. அந்தக் குறைப்பு எவ்வளவு விரைவாக வந்து, எவ்வளவு விரைவாக விலக வேண்டும் என்று சீராக்குவது மூன்றாவது. இவற்றில் இரண்டாவது மட்டுமே எல்லாக் கருவிகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். த்ரெஷோல்ட் −18, ரேஷியோ 4:1 என்றால், −6 டெசிபலில் வரும் ஒலி எல்லையை 12 டெசிபல் மீறுகிறது, நான்கில் ஒரு பங்கு, அதாவது 3 டெசிபல் மீறல் மட்டும் அனுமதிக்கப்படுகிறது, வெளிவருவது −15, குறைப்பு 9 டெசிபல். குறைப்பைப் படிப்படியாகத் தொடங்கும் சாஃப்ட்-நீ அமைப்பு இருந்தால் எல்லைக்கு அருகே இந்தக் கணக்கு கொஞ்சம் வளையும். 6 டெசிபல் அகலமுள்ள வளைவில், ஒலி சரியாக −18இல் இருக்கும்போதே 0.56 டெசிபல் குறைப்புத் தொடங்கிவிட்டிருக்கும்; −15ஐத் தாண்டினால் வளைவுள்ள கோடும் வளைவற்ற கோடும் ஒன்றாகிவிடும். உங்கள் காதுக்குக் கேட்கும் வேறுபாடு இதனால் வருவதன்று.

அப்படியானால் மிஞ்சுவது முதலாவதும் மூன்றாவதும். 'அ', 'ஆ' இரண்டின் கையேடுகளிலும் அளவு மதிப்பீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல இயலுமா?

கலவைக்காரன் எழுதியது:

அலைமானி கேட்டதற்கு விடை வரும் முன்பே பந்தயம் கட்டுகிறேன்: 'அ' ஆர்எம்எஸ் (சராசரி ஆற்றலைக் கொண்டு அளப்பது), 'ஆ' பீக் (உச்சத்தைக் கொண்டு அளப்பது).

சைன் அலை ஒன்றின் உச்சத்துக்கும் அதன் ஆர்எம்எஸ் அளவுக்கும் இடையே 3.01 டெசிபல்தான் வேறுபாடு. ஆனால் தாள வாத்தியத்தில் அந்த இடைவெளி மிகப் பெரியது. வலந்தலையில் விழும் ஒரு 'நம்', விரல் தோலைத் தொடும் அந்தச் சில மில்லிசெகண்டுகளில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு அதைவிடப் பல டெசிபல் கீழே நாதமாக நீள்கிறது. பீக் மதிப்பீடு அந்த உச்சத்தைப் பார்த்து "எல்லை மீறப்பட்டது" என்கிறது. பத்திருபது மில்லிசெகண்டு சாளரத்தில் சராசரி எடுக்கும் ஆர்எம்எஸ் மதிப்பீடோ நாதத்தின் ஆற்றலைத்தான் பெரும்பாலும் எடைபோடுகிறது. ஆகவே இரண்டிலும் −18 என்று எழுதியிருந்தாலும், அவை ஒரே −18 அல்ல.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏஇஎஸ்-17 என்ற அளவீட்டுத் தரத்தின்படி, முழு அளவில் உள்ள சைன் அலையின் ஆர்எம்எஸ் அளவே 0 டெசிபல் எஃப்எஸ் (டிஜிட்டல் ஒலியின் முழு அளவை 0 என்று கொண்ட அளவீடு). இந்த மரபைச் சில மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. மற்றவை கணிதப்படி −3 என்று காட்டுகின்றன. எனவே இரண்டு ஆர்எம்எஸ் கருவிகளுக்கு இடையிலேயே 3 டெசிபல் தள்ளி நிற்க வாய்ப்பு உண்டு.

நாதபேதம் எழுதியது:

பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். 'அ'வின் கையேட்டில் ஆர்எம்எஸ் என்றே இருக்கிறது. 'ஆ'வின் கையேட்டில் பீக் என்று இருப்பதோடு, "ஃபீட்பேக் அமைப்பு" என்றும் ஒரு வரி இருக்கிறது. மீட்டர் ஏன் வேறுபடுகிறது என்பது இப்போது புரிகிறது.

ஆனால் 'ஆ'வின் த்ரெஷோல்டை மேலே ஏற்றி, இரண்டு மீட்டர்களும் ஒரே அளவு குறைப்பைக் காட்டும்படி வைத்த பிறகும், 'ஆ'வில் விளிம்பு மழுங்குவது முற்றிலும் போகவில்லை. 10 மில்லிசெகண்டு என்பது எங்கும் 10 மில்லிசெகண்டுதானே? காலத்தில் என்ன கருத்து வேறுபாடு இருக்க முடியும்?

அலைமானி எழுதியது:

காலத்தில்தான் கருத்து வேறுபாடு அதிகம்.

முதலில், அட்டாக் என்பது காத்திருக்கும் நேரம் அன்று. "10 மில்லிசெகண்டு வரை ஒலியை விட்டுவிட்டு, அதன் பிறகு கம்ப்ரெஸர் பிடிக்கத் தொடங்கும்" என்று பல காணொளிகளில் சொல்லப்படுவது பிழை. எல்லை மீறப்பட்ட முதல் சாம்பிளிலேயே குறைப்புத் தொடங்கிவிடுகிறது. அது தன் இலக்கை நோக்கி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையே அட்டாக் குறிக்கிறது. அந்த நகர்வு பெரும்பாலும் அடுக்குக்குறி வளைவு: தொடக்கத்தில் வேகம், இலக்கை நெருங்க நெருங்க மந்தம். இத்தகைய வளைவு, கொள்கையளவில், இலக்கை ஒருபோதும் தொடுவதில்லை. எனவே எந்த விழுக்காட்டை எட்டியதை "வந்து சேர்ந்ததாக" கொள்வது என்று ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

63 விழுக்காட்டை எட்டும் நேரம் என்று கொள்வது ஒரு மரபு. அதுவே அந்த வளைவின் கால மாறிலி. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 10 மில்லிசெகண்டு என்பது 480 சாம்பிள்கள். ஒவ்வொரு சாம்பிளிலும் பழைய மதிப்பை ஏறத்தாழ 0.99792ஆல் பெருக்கி, மீதத்தைப் புதிய இலக்கிலிருந்து எடுத்துச் சேர்த்தால் இந்த வளைவு கிடைத்துவிடும். மென்பொருளில் அட்டாக் என்பது இந்த ஒரு வரிக் கணக்குத்தான். இன்னொரு மரபு, 90 விழுக்காட்டை எட்டும் நேரத்தை எழுதுவது. 90 விழுக்காட்டுக்கு 2.3 கால மாறிலிகள் தேவைப்படுவதால், அங்கே 10 என்று எழுதியிருந்தால் உண்மையான கால மாறிலி 4.3 மில்லிசெகண்டுதான். அதே எண், இரண்டு மடங்குக்கும் மேலான வேகம்.

அடுத்து, சீராக்கும் வேலையை எந்த இடத்தில் செய்கிறார்கள் என்ற கேள்வி. பெருக்கெண்ணையே நேரடியாகச் சீராக்கலாம். அல்லது டெசிபலுக்கு மாற்றிய பிறகு குறைப்பைச் சீராக்கலாம். டெசிபலில் நேர்த்தியாக விலகும் ரிலீஸ், பெருக்கெண்ணில் வேறு வடிவம் கொள்ளும். டெசிபல் அளவில் சீராக்கினால், 3 டெசிபல் குறைப்பும் 12 டெசிபல் குறைப்பும் ஒரே விகிதத்தில் விலகுகின்றன. ரிலீஸ் பொதுவாக இயல்பாகக் கேட்பது இந்த முறையில்தான் என்பது என் கருத்து. ஆர்எம்எஸ் மதிப்பீட்டுக்கு எனத் தனியாக ஒரு சாளரம் இருப்பதால், 'அ'வில் அட்டாக்கை 1 மில்லிசெகண்டுக்குக் குறைத்தாலும் அந்தச் சாளரத்தைவிட வேகமாக அது இயங்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

'ஆ'வின் கையேட்டில் உள்ள ஃபீட்பேக் என்ற அந்த ஒரு வரி இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. அதைப் பற்றி எழுதத் தகுதியானவர் நம் குழுவில் இருக்கிறார்.

பழைய_டேப் எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. வால்வுக் காலத்துக் கருவிகளைத் திறந்து பழுது பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வானொலியின் தொடக்க நாட்களில் ஒலிப்பொறியாளர் ஒருவர் குமிழைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து, சத்தம் ஏறும்போது குறைத்தும் இறங்கும்போது கூட்டியும் கொண்டிருப்பார். டிரான்ஸ்மிட்டர் அளவுக்கு மீறிப் பண்பேற்றம் அடையாமல் இருக்க அது தேவைப்பட்டது. 1937இல் வெளிவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 110-ஏ போன்ற கருவிகள் அந்த வேலையை மின்சுற்றிடம் ஒப்படைத்தன. அந்தத் தலைமுறையிலும் அடுத்த இரண்டு தலைமுறைகளிலும் வந்த கருவிகளில் பெரும்பாலானவை, வெளியே போகும் ஒலியை அளந்து, அதைக் கொண்டே குறைப்பை முடிவு செய்தன. இதுதான் ஃபீட்பேக். உள்ளே வரும் ஒலியை அளப்பது ஃபீட்ஃபார்வர்டு.

ஏன் அப்படிச் செய்தார்கள்? ஒலியைக் குறைக்கும் உறுப்பின் மீது அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. மாறும் பெருக்கம் கொண்ட வால்வு, எஃப்இடி டிரான்சிஸ்டர், ஒளி விழுந்தால் மின்தடை மாறும் கேட்மியம் சல்ஃபைடு செல் ஆகிய எதுவுமே "இத்தனை வோல்ட் கொடுத்தால் இத்தனை டெசிபல் குறையும்" என்ற ஒழுங்கான விதிக்குக் கட்டுப்படுவதில்லை. வெப்பநிலைக்கு ஏற்பவும் வயதுக்கு ஏற்பவும் மாறும். வெளியே வருவதை அளந்தால், குறைப்புப் போதவில்லை என்பதைச் சுற்று தானே உணர்ந்து கூடுதலாகக் குறைக்கும். எல்ஏ-2ஏ, 1967இல் வந்த 1176 ஆகிய புகழ்பெற்ற கம்ப்ரெஸர்கள் இரண்டும் இவ்வகையே. டேவிட் பிளாக்மர், மடக்கை விதிக்கு ஒழுங்காகக் கட்டுப்படும் விசிஏ (மின்னழுத்தத்தால் பெருக்கம் மாறும்) சுற்றையும் உண்மையான ஆர்எம்எஸ் அளவியையும் உருவாக்கிய பிறகுதான், 1970களில் வந்த டிபிஎக்ஸ் 160 போன்ற ஃபீட்ஃபார்வர்டு கருவிகள் நம்பகமானவையாக ஆயின.

இந்த வேறுபாட்டின் விளைவு அட்டாக் நேரத்தில் தெரியும். ஃபீட்பேக் சுற்றில், குறைப்பு வரத் தொடங்கியதுமே அளக்கப்படும் ஒலியும் குறைந்துவிடுகிறது. 4:1 ரேஷியோ வேண்டுமானால், எல்லைக்கு மேல் வெளிவரும் ஒவ்வொரு டெசிபலுக்கும் 3 டெசிபல் குறைக்குமாறு சுற்றை அமைக்க வேண்டும்: வெளிவருவது 1, குறைந்தது 3, உள்ளே வந்தது 4. ஒலி திடீரென எல்லையை 12 டெசிபல் மீறும்போது, குறைப்பு இன்னும் வராத முதல் கணத்தில், சுற்று 12ஐ மூன்றால் பெருக்கி 36 டெசிபல் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறது! அந்த இலக்கை நோக்கிப் பாய்ந்து கிளம்பி, போகப் போக இலக்கே இறங்கி வர, கடைசியில் 9 டெசிபலில் வந்து நிற்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், சுற்றின் கால மாறிலி ரேஷியோவால் வகுபட்டுவிடுகிறது. 10 மில்லிசெகண்டுக்கு அமைத்த சுற்று, 4:1இல் 2.5 மில்லிசெகண்டுக் கருவியாக நடந்துகொள்ளும். 2:1இல் அதுவே 5 மில்லிசெகண்டு.

இதை ஈடுசெய்யும் வடிவமைப்பாளரும் உண்டு. "வன்பொருளுக்கு உண்மையாக இருக்கிறோம்" என்று சொல்லி அப்படியே விடுபவரும் உண்டு. உங்கள் 'ஆ' இரண்டாம் வகை என்று நினைக்கிறேன். அது 1176ஐப் பின்பற்றியதன்று என்பது மட்டும் உறுதி. 1176இன் அட்டாக் 20 மைக்ரோசெகண்டிலிருந்து 800 மைக்ரோசெகண்டு வரைதான். 10 மில்லிசெகண்டை அதில் இடவே முடியாது. அதன் குமிழ் வேறு தலைகீழானது: வலப்புறம் திருப்பினால் வேகம் கூடும். அதை அறியாமல், "மெதுவாக வைத்திருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு மிக வேகமாக வைத்திருக்கும் இளைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தென்காற்று எழுதியது:

ஒலிப்பொறியியல் மாணவன். ஐயா, ஓர் ஐயம். எல்ஏ-2ஏயில் அட்டாக், ரிலீஸ் குமிழ்களே இல்லையே. அப்படியானால் அதைப் பின்பற்றும் ப்ளக்இன்கள் எதை வைத்துக் காலத்தைக் கணிக்கின்றன?

பழைய_டேப் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. அங்கே காலத்தை முடிவு செய்வது மின்தேக்கி அன்று, டி4 எனப்படும் ஒளிப்பெட்டியின் இயல்பு. ஒலிக்கு ஏற்ப ஒளிரும் ஒரு சிறு பலகையும், அந்த ஒளியைப் பார்த்து மின்தடையை மாற்றும் கேட்மியம் சல்ஃபைடு செல்லும் அதற்குள் எதிரெதிரே இருக்கின்றன. அட்டாக் சராசரியாக 10 மில்லிசெகண்டு. ஒலி நின்றதும் குறைப்பில் பாதி ஏறத்தாழ 60 மில்லிசெகண்டில் விலகிவிடும். மீதிப் பாதி முழுமையாக விலக ஒரு நொடியிலிருந்து 15 நொடி வரை ஆகலாம். அதற்கு முன் எவ்வளவு நேரம், எவ்வளவு ஒளி விழுந்தது என்பதைப் பொறுத்து அந்தப் பின்பகுதி மாறும். அதாவது செல்லுக்கு நினைவு உண்டு. இதை ஒற்றை ரிலீஸ் எண்ணால் எழுதவே முடியாது. வாய்ப்பாட்டுக்கு அது பொருந்திப் போவதற்கும் இதுவே காரணம்: சொல்லுக்குச் சொல் வரும் சிறு ஏற்றங்கள் உடனே விடுபடுகின்றன, நீண்ட உச்சப் பகுதி முடிந்த பின் மட்டும் மெதுவாக மீள்கிறது.

செங்காந்தள் எழுதியது:

நான் மிருதங்கம் வாசிப்பவள். வீட்டிலேயே பதிவும் செய்துகொள்கிறேன். வலந்தலையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். என் சிக்கல் தொப்பியில். குமுக்கி (தொப்பியை அழுத்தி இழுக்கும் அடி) வாசிக்கும்போது, கம்ப்ரெஸர் இல்லாமல் வழவழப்பாக நெளியும் அந்தத் தாழ்ந்த ஒலி, கம்ப்ரெஸர் போட்டதும் கரகரவென்று ஆகிறது. பதிவில் எங்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை, 'கிளிப்' ஆகவில்லை (ஒலி வரம்பை மீறி வெட்டுப்படவில்லை). ரிலீஸை மிகக் குறைவாக வைத்தால்தான் இது நேர்கிறது. எதனால் அக்கா, அண்ணன்மார்களே?

அலைமானி எழுதியது:

நீங்கள் கேட்டது இந்த இழையின் மிக நல்ல கேள்வி என்று சொல்வேன். கிளிப் ஆகாமலே உருக்குலைவு வரும் வழி அது.

தொப்பியின் ஒலி 80 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சுழற்சிக்கு 12.5 மில்லிசெகண்டு. அளவு மதிப்பீடு நேர், எதிர் இரண்டு பாதிகளையும் ஒன்றாகவே பார்ப்பதால், 6.25 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை உச்சமும் அவற்றுக்கு இடையே பள்ளமும் அதற்குத் தெரிகின்றன. ரிலீஸ் 100 மில்லிசெகண்டாக இருந்தால், அந்தப் பள்ளத்துக்குள் குறைப்பு நகர நேரமில்லை. அது ஏறத்தாழ அசையாமல் நிற்கும். ரிலீஸை 5 மில்லிசெகண்டாக வைத்தால், ஒலி சற்றும் மாறாமல் நீண்டுகொண்டிருந்தாலும், குறைப்பு ஒவ்வொரு பாதிச் சுழற்சியிலும் விலகி, மறுபடி வந்து சேர்கிறது. அதாவது பெருக்கெண்ணே 160 ஹெர்ட்ஸில் ஆடத் தொடங்குகிறது. 80 ஹெர்ட்ஸ் அலையை 160 ஹெர்ட்ஸில் ஆடும் எண்ணால் பெருக்கினால், அந்த இரண்டு அலைவரிசைகளின் கூட்டலும் கழித்தலும் பிறக்கும்: 240 ஹெர்ட்ஸும், மறுபடியும் 80 ஹெர்ட்ஸும். அந்த 240 என்பது மூன்றாம் மடங்கு. கம்ப்ரெஸர் இனி சத்தத்தைச் சீராக்கவில்லை. அலையின் வடிவத்தையே மாற்றுகிறது. நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான்.

இதற்கு மாற்று மூன்று. ரிலீஸை, தாழ்ந்த ஒலியின் சில சுழற்சிகளுக்காவது நீளமாக வையுங்கள். 'ஹோல்டு' என்ற குமிழ் இருந்தால், உச்சத்துக்குப் பின் குறைப்பை 10 மில்லிசெகண்டுக்கு அசையாமல் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். 80 ஹெர்ட்ஸுக்கு அது போதும். சைடுசெயினில் ஹைபாஸ் வடிகட்டி போடுவது மூன்றாவது வழி. அது அளவிடும் ஒலியிலிருந்து மட்டுமே தாழ்ந்த பகுதியை நீக்கும், கேட்கும் ஒலியிலிருந்து எதையும் நீக்காது. ஆனால் தொப்பி டிராக்கில் அதைச் செய்தால் தொப்பி கட்டுப்படாமலே போகும் என்பதால், உங்களுக்கு முதல் இரண்டு வழிகளே பொருத்தம்.

(அக்கா என்று அழைத்ததில் தவறில்லை, அலைமானி பெண்தான்.)

கலவைக்காரன் எழுதியது:

ஹைபாஸ் வடிகட்டிக்கு உரிய இடம், இரண்டு பக்கத்தையும் ஒரே மைக்கில் பதிவு செய்தவர்களிடம் இருக்கிறது. அங்கே தொப்பியில் விழும் ஒவ்வொரு 'தொம்'மும் மொத்தக் குறைப்பையும் இழுத்துவிட, அதே நேரத்தில் வலந்தலையில் நீண்டுகொண்டிருக்கும் நாதமும் சேர்ந்து அமுங்கும். பிறகு ரிலீஸில் அது மூச்சு வாங்குவதுபோல் மேலெழும். சுருதிக்கு இயைந்த மேற்சுரங்களுக்காகவே வலந்தலையில் கரணை (கருப்புப் பூச்சு) இடுகிறார்கள், 1920இலேயே சி. வி. ராமன் இந்த மேற்சுரங்களின் ஒழுங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நாதத்தை, தொப்பியின் தாளத்துக்கு ஏறி இறங்க விடுவது எனக்கு ஏற்புடையதன்று. நாதபேதம் இரண்டு மைக் வைத்தது நல்லது. ஆனால் இரண்டையும் இடம் வலமாகப் பிரித்து, ஒரே ஸ்டீரியோ கம்ப்ரெஸரில் அனுப்புவதாக இருந்தால், இரண்டு பக்கத்துக்கும் ஒரே குறைப்பைத் தரும் 'லிங்க்' பொத்தானை மறக்காதீர்கள்; இல்லையென்றால் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவு குறைந்து, வாத்தியமே மேடையில் நகர்வதுபோல் கேட்கும்.

கரகரப்பைப் பற்றி ஒரு சொல். அந்த 240 ஹெர்ட்ஸ், கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரில் கேட்கும், 80 கேட்காது. ஆகவே அதை வேண்டுமென்றே கொஞ்சம் சேர்ப்பவர்களும் உண்டு. திரையிசையில் செய்யட்டும், கச்சேரிப் பதிவில் வேண்டாம் என்பேன்.

தென்காற்று எழுதியது:

இன்னொரு கேள்வி. கம்ப்ரெஸ் செய்த ஒலியை எக்ஸ்பாண்டர் (அமுக்கியதை விரிக்கும் கருவி) கொண்டு பழையபடி ஆக்கிவிட முடியுமா? த்ரெஷோல்டு, ரேஷியோ தெரிந்தால் போதுமென்று தோன்றுகிறது.

அலைமானி எழுதியது:

சில அமைப்புகள் அதற்காகவே செய்யப்பட்டவை. தொலைபேசியில் பயன்படும் ஜி.711 முறை எளிய எடுத்துக்காட்டு. அங்கே ஒவ்வொரு சாம்பிளும், மற்றவற்றைப் பொருட்படுத்தாமல், மடக்கை போன்ற ஒரு வளைவில் தனித்தனியே அமுக்கப்பட்டு 8 பிட்டாக அனுப்பப்படுகிறது. மறுமுனையில் எதிர்வளைவால் விரிக்கப்படுகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஏ-விதி, வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-விதி. அட்டாக், ரிலீஸ் எதுவும் இல்லாததால், பிட் குறைவினால் வரும் சிறு பிழை தவிர, முழுமையாகத் திரும்பிவிடும்.

காலத்தோடு நகரும் கம்ப்ரெஸரில் இது கடினம். ஏனெனில் விரிப்பவருக்கு ஒவ்வொரு கணத்திலும் இருந்த பெருக்கெண் தெரிய வேண்டும். இங்கேதான் ஃபீட்பேக் அமைப்பின் அழகு வெளிப்படுகிறது. அதில் பெருக்கெண், வெளியே வந்த ஒலியை மட்டுமே கொண்டு கணிக்கப்பட்டது. வெளியே வந்த ஒலி விரிப்பவர் கையிலும் இருக்கிறது. ஆகவே அவர் அதே கணக்கை மறுபடி செய்து, பெருக்கியதற்குப் பதிலாக வகுத்துவிடலாம். ஃபீட்ஃபார்வர்டில் பெருக்கெண் மூல ஒலியிலிருந்து வந்தது. அந்த மூலம்தான் விரிப்பவரிடம் இல்லை.

பழைய_டேப் எழுதியது:

டேப் இரைச்சலை அடக்கிய டோல்பி முறையும் இந்த அடிப்படையில்தான். மெல்லிய ஒலியைப் பதிவின்போது தூக்கி வைத்து, திரும்ப இயக்கும்போது அதே அளவு இறக்கினால், இடையில் டேப் சேர்த்த இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிடும். ரே டோல்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோவின் ஆலோசகராக இந்தியாவில், சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் பணிபுரிந்தார் என்பதும், அந்த ஆண்டுகளில்தான் இந்த எண்ணம் அவருக்கு உருவானது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. 1965இல் லண்டனில் நிறுவனத்தைத் தொடங்கினார். அவரது ஏ-வகை அமைப்பு ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 டெசிபலோ அதற்குச் சற்று மேலோ இரைச்சலைக் குறைத்தது. பட்டைகளைப் பிரித்ததற்குக் காரணம், கலவைக்காரன் மேலே சொன்ன அதே தொப்பிச் சிக்கல்: தாழ்ந்த ஒலி ஒன்று வந்து, உயர்ந்த பட்டையின் இரைச்சலை மேலும் கீழும் ஆட்டக் கூடாது.

கலவைக்காரன் எழுதியது:

நாதபேதத்தின் கேள்விக்குத் திரும்புவோம். இரண்டு கருவிகளையும் அளந்து பார்த்துவிட்டால் ஊகம் தேவையில்லை. ஒரு சைன் அலையை உச்சம் −30 டெசிபலில் ஒரு நொடியும், −6இல் ஒரு நொடியும், மறுபடி −30இல் ஒரு நொடியும் உருவாக்கி, இரண்டு ப்ளக்இன்கள் வழியாகவும் அனுப்புங்கள். 5 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலையாக இருக்கட்டும். 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கே 1 மில்லிசெகண்டு போய்விடுவதால், வேகமான அட்டாக்கைத் துல்லியமாகப் படிக்க முடியாது. வெளிவந்த அலையின் ஒவ்வோர் உச்சத்தையும் உள்ளே சென்ற உச்சத்தால் வகுத்து, டெசிபலாக மாற்றி வரைந்தால், கம்ப்ரெஸரின் உண்மையான நடத்தை கோடாகத் தெரியும்.

நாதபேதம் எழுதியது:

அளந்துவிட்டேன். த்ரெஷோல்டு −18, ரேஷியோ 4:1 என்று இரண்டிலும் பழைய எண்களையே வைத்தேன்.

நிலையான குறைப்பு: 'ஆ'வில் 9 டெசிபல்; 'அ'வில் 6.75. சைன் அலையின் உச்சம் −6 என்றால் ஆர்எம்எஸ் −9, மீறல் 9, அதில் முக்கால் பங்கு 6.75. கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆக, 'அ' ஏஇஎஸ்-17 மரபைப் பின்பற்றவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. சைன் அலையில் 2.25 டெசிபலாக இருக்கும் இந்த வேறுபாடு, மிருதங்கத்தின் கூர்மையான உச்சங்களில் இன்னும் விரிவடைகிறது.

அட்டாக்: 'ஆ', 9 டெசிபலில் 63 விழுக்காடான 5.7 டெசிபலை ஏறத்தாழ 2.5 மில்லிசெகண்டிலேயே எட்டிவிடுகிறது. ரேஷியோவை 2:1 ஆக்கியதும் அது 5 மில்லிசெகண்டுக்கு நீண்டது. பழைய_டேப் ஐயா சொன்னது துளியும் பிசகவில்லை. 'அ'வோ, சாளரத்தின் மந்தமும் சேர்ந்துகொள்வதால், 10 மில்லிசெகண்டைவிடச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொள்கிறது. 'ஆ'வில் அட்டாக்கை 40க்கு ஏற்றி, த்ரெஷோல்டை மீட்டர் பார்த்து உயர்த்திய பிறகு, வலந்தலையின் விளிம்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கிறது. வேகமான சொற்கட்டுகளில் ரிலீஸின் வடிவம் மட்டும் இன்னும் வேறுபடுகிறது. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

இனி, விளிம்பைத் தொடாமல் நாதத்தை மட்டும் சற்றுத் தூக்க வேண்டுமானால், இந்த இரண்டில் எதைப் பயன்படுத்துவது?

கலவைக்காரன் எழுதியது:

எதை வேண்டுமானாலும். ஆனால் நேரடியாகப் போடாமல், டிராக்கின் நகல் ஒன்றை எடுத்து, அதைக் கடுமையாகக் கம்ப்ரெஸ் செய்து, மூலத்தோடு சேருங்கள். மெல்லிய பகுதியில் நகல் அமுங்காமல் இருப்பதால், இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் ஏறும். உச்சத்தில் நகல் 20 டெசிபல் குறைந்திருந்தால், 1 உடன் 0.1 சேர்கிறது, ஏற்றம் 0.8 டெசிபல்தான். ஆக விளிம்பு கிட்டத்தட்ட அப்படியே நிற்க, நாதம் மட்டும் 5 டெசிபலுக்கு மேல் எழுகிறது. நகலின் அளவைக் குறைத்து, இதை வேண்டுமட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஒலியை முன்கூட்டியே பார்க்கும் லுக்அஹெட் வசதி இருந்தால், நகல் சில மில்லிசெகண்டு தாமதிக்கும். மென்பொருள் அதை ஈடுசெய்யவில்லை என்றால், இரண்டும் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிருதங்கம் குழாய்க்குள் வாசித்ததுபோல் ஆகிவிடும்.

இறுதிச் சத்தத்துக்காக இதில் எதையும் செய்ய வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் −14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவீடு) அளவுக்கு ஒலியைச் சமப்படுத்துகின்றன; அதைவிடச் சத்தமாக அமுக்கி அனுப்பினால், அவர்கள் இறக்கிவிடுவார்கள், இழந்த விளிம்பு மட்டும் திரும்பி வராது.

செங்காந்தள் எழுதியது:

அலைமானி அக்காவுக்கு நன்றி. ஹோல்டு 10 மில்லிசெகண்டு, ரிலீஸ் 120 வைத்தேன். குமுக்கியில் கரகரப்பு இல்லை. ஆனால் மிக விளம்ப காலத்தில் தொப்பியை அழுத்தி இழுக்கும்போது, ஒலி 80க்கும் கீழே தொடங்கி மேலேறுகிறது. அங்கே ஹோல்டைக் கூட்ட வேண்டுமா?

அலைமானி எழுதியது:

ஆம். இழுப்பு தொடங்கும் மிகத் தாழ்ந்த அலையைக் கணக்கில் எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் பாதிச் சுழற்சி சரியாக 10 மில்லிசெகண்டு. ஹோல்டு அதைவிடச் சற்றுக் கூடுதலாக, 12 என்று இருக்கட்டும். அதற்கு மேல் கூட்டினால், துரிதத்தில் அடுத்த அடி வரும்போதும் முந்தைய குறைப்பு விலகாமல் நின்று, அந்த அடியின் கனத்தைத் தின்றுவிடும்.